வாசலில் ‘ஏ’ கிரேடு, உள்ளே யார் இருக்கிறார்கள்? (வாசகர் கேள்வி – பதில்)

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து பி.ஆர்க் என்கிற ஐந்து வருஷக் கட்டடக்கலைப் படிப்பைப் பற்றித்தான் கடிதங்கள். பாதிக்கு மேல் ஒரே இடத்தைச் சுற்றி வருகின்றன: எந்த அங்கீகாரம் செல்லும், அதை யார் தருகிறார்கள், தருகிறவர்கள் எதைப் பார்த்துத் தருகிறார்கள். அதனால் இந்த இதழில் முழுப் பகுதியும் அதற்கே. நான் இருபது வருஷத்துக்கு மேல் ஸ்டூடியோவில் (மாணவர்கள் வரைந்து பழகுகிற வடிவமைப்பு வகுப்பு) பாடம் எடுத்தவன், வெளித்தேர்வாளராகப் பல கல்லூரி ஜூரிகளில் (மாணவர் தன் வடிவமைப்பை விளக்கி மதிப்பெண் வாங்குகிற தேர்வு) உட்கார்ந்தவன். அங்கே பார்த்ததை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: மகளை பி.ஆர்க் சேர்க்க மூன்று கல்லூரி பார்த்தோம். ஒன்றின் வாசலில் நாக் ‘ஏ’ கிரேடு என்று பெரிய பலகை. இன்னொன்றில் என்.பி.ஏ. இருக்கிறது என்கிறார்கள். மூன்றாவது கல்லூரியில் கவுன்சில் அப்ரூவல் மட்டும் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வேறெதுவும் பேசவில்லை. எதை நம்பிப் பணம் கட்டுவது?
– ஒரு தாய், திண்டுக்கல்

அம்மா, மூன்றும் ஒரே பொருளின் மூன்று தரம் இல்லை, மூன்றும் வேறு வேறு விஷயம். இதைக் குழப்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர். 1972-ல் நாடாளுமன்றம் போட்ட ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டத்தின்படி அமைந்தது அது. உங்கள் மகள் ஐந்து வருஷம் படித்து முடித்த பிறகு அங்கே பதிவு செய்து எண் வாங்கினால்தான் பெயருக்கு முன்னால் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று போட முடியும். அந்தப் பதிவுக்கு அங்கீகாரம் பெற்ற டிகிரி வேண்டும். ஆக இது இல்லாவிட்டால் மற்ற எது இருந்தும் பிரயோஜனமில்லை.

நாக் என்பது கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடுகிற, பெங்களூரில் இருக்கும் அமைப்பு, 1994-ல் வந்தது. அது கல்லூரியை முழுசாகப் பார்த்து கிரேடு போடும். பெரிய இன்ஜினீயரிங் வளாகத்தில் ஒரு மூலையில் ஆர்க்கிடெக்சர் துறை இருந்தால், பலகையில் இருக்கும் ‘ஏ’ அந்த மூலைக்கு வந்ததா, மொத்த வளாகத்துக்கும் வந்ததா என்று பலகை சொல்லாது. என்.பி.ஏ. என்கிற இன்னொரு அங்கீகார அமைப்பு தனித்தனிப் படிப்பைப் பார்க்கும், அந்த வகையில் அது உபயோகமான விஷயம்தான், ஆனால் “எந்தக் கோர்ஸுக்கு?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். மெக்கானிக்கலுக்கும் சிவிலுக்கும் வாங்கியதை பி.ஆர்க் சேர்க்க வந்தவர்களிடமும் காட்டுகிறார்கள்.

கவுன்சிலின் இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் பட்டியல் இருக்கிறது. பெயர், ஊர், எத்தனை சீட், எந்த வருஷத்துக்கு அப்ரூவல் என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். 40 சீட்டுக்கு அனுமதி வாங்கிவிட்டு 60 பேரைச் சேர்த்தால் அந்த மிச்சம் 20 பேர் கதி என்ன என்று யோசியுங்கள். அப்ரூவல் கடிதத்தின் நகலைக் கேளுங்கள், நல்ல கல்லூரி எடுத்துக் காட்டும்.

அப்புறம் ஒரு வேலை. வார நாளில், மத்தியானம் இரண்டு மணிக்கு மேல், முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். “மூன்றாம் ஆண்டு ஸ்டூடியோவைப் பார்க்கலாமா?” என்று கேளுங்கள். மேசைமேல் பட்டர் பேப்பர் (வரைந்து பார்க்கிற மெல்லிய தாள்) கிடக்கிறதா, பாதி வெட்டிய மாடல் கிடக்கிறதா, பிள்ளைகள் பக்கத்தில் ஆசிரியர் யாராவது உட்கார்ந்து பென்சிலோடு பேசிக்கொண்டிருக்கிறாரா? இல்லை, மேசையெல்லாம் துடைத்துவிட்ட கல்யாண மண்டபம் மாதிரி பளிச்சென்று இருக்கிறதா? அதிகம் பேசாத அந்த மூன்றாவது கல்லூரியை விட்டுவிடாதீர்கள், அதையும் இப்படி ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின ராத்திரி பத்து மணிவரை எங்களை உட்காரவைத்துச் சுவர் முழுக்க டிசைன் ஷீட் ஒட்டச் சொன்னார்கள். பாதி எங்கள் சீனியர்களுடையது, தேதியை மறைத்து ஒட்டினோம். மறுநாள் நாங்கள் பார்த்தே இராத நான்கு பேர் ‘ஸ்டாஃப்’ என்று வந்து உட்கார்ந்தார்கள். குழு கிளம்பிய பிறகு அந்த நான்கு பேரையும் காணோம். யாரிடம் சொல்வது? சொன்னால் எங்கள் டிகிரி போய்விடுமா?
– இரண்டாம் ஆண்டு மாணவர், கோவை மாவட்டம்

தம்பி, முதலில் உங்கள் பயத்துக்குப் பதில். கவுன்சில் நினைத்தாலும் ஒரே நாளில் ஒரு டிகிரியின் அங்கீகாரத்தை எடுத்துவிட முடியாது. சட்டத்தின் 20-ஆம் பிரிவுப்படி அது உரிய அரசுக்கு (பெரும்பாலான கல்லூரிகளுக்கு மாநில அரசுக்கு) எழுத வேண்டும், அந்த அரசு கல்லூரி தரப்பிடம் விளக்கம் கேட்க வேண்டும், பிறகுதான் மத்திய அரசு முடிவெடுக்கும். அப்படியே எடுத்தாலும் ‘இன்ன தேதிக்கு முன் கொடுத்த டிகிரி செல்லும்’ என்றுதான் அறிவிக்க முடியும். அதற்கு முன்னால் சேர்க்கையைக் குறைப்பது, நிறுத்துவது என்று படிகள் இருக்கின்றன. ஆகவே ஒரு கடிதம் போட்டதும் உங்கள் ஐந்து வருஷமும் காற்றில் போய்விடும் என்று பயப்படாதீர்கள்.

ஆனால் தனியாக எழுதாதீர்கள். வகுப்பாகச் சேர்ந்து, முடிந்தால் பெற்றோர்கள் கையெழுத்தோடு எழுதுங்கள். கோபத்தைக் குறைத்துத் தகவலைக் கூட்டுங்கள்: டைம் டேபிளில் யார் பெயர், உண்மையில் யார் வந்தார்கள், எத்தனை வாரம். ஒரு பிரதி டெல்லியில் கவுன்சிலுக்கு, ஒன்று உங்கள் பல்கலைக்கழகத்துக்கு. வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு நாலு பேர் பார்த்துச் சிரித்ததோடு முடிந்துபோகிற விஷயம் இல்லை இது.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். சில வருஷம் முன்னால் ஒரு கல்லூரிக்கு ஜூரிக்குப் போயிருந்தேன். மூன்றாம் ஆண்டு. தாலுகா தலைநகரில் மூன்று மாடிப் பள்ளிக்கூடம் வடிவமைப்பதுதான் அந்த செமஸ்டர் வேலை. ஒரு பையனுடைய ஷீட் அவ்வளவு அழகு, வேப்பமரம், பட்டம் விடுகிற பிள்ளைகள், சாயங்கால வெயில் சுவரில் விழுகிற நிழல் வரைக்கும் போட்டிருந்தான். மாடிப்படி ஒன்றே ஒன்று. ஸ்கேலை வைத்துப் பார்த்தேன், அகலம் சரியாக ஒரு மீட்டர். மேலே எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன், 240 என்றான். “பெல் அடித்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் எப்படிப்பா இறங்குவார்கள்?” என்றேன். கொஞ்ச நேரம் ஷீட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்: “சார், படிக்கட்டைப் பற்றி இதுவரைக்கும் யாரும் எங்கிட்ட பேசவே இல்ல சார்.”

பள்ளிக்கூடப் படிக்கட்டு குறைந்தது ஒன்றரை மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பில் இருக்கிற விஷயம். முதலாண்டு முடிவதற்குள் காதில் விழுந்திருக்க வேண்டிய எண் அது. அந்த ஸ்டூடியோவுக்கு வருகைப் பதிவேட்டில் ஏழு ஆசிரியர்கள் இருந்தார்கள். பையனுக்குத் தெரிந்தது இரண்டு பேரை.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் செத்துப்போனார்கள். கூரைக் கொட்டகை, குறுகலான படிக்கட்டு, வெளியே வர வழி இல்லாத கட்டடம். அந்தக் கட்டடத்தை எந்த ஆர்க்கிடெக்ட்டும் வரைந்தார் என்று நான் சொல்லவில்லை. இந்த மண்ணில் பள்ளிக்கூடம் வரையக் கற்கிற ஒரு பிள்ளையிடம் படிக்கட்டைப் பற்றி மூன்று வருஷம் யாரும் பேசாமல் இருந்தால், சுவரில் ஒட்டிய ஷீட்டும் வாடகைக்கு வந்து உட்கார்ந்த நான்கு பேரும் யாரைக் காப்பாற்றப் போகிறார்கள் என்றுதான் கேட்கிறேன். நீங்கள் எழுதுங்கள் தம்பி.

கேள்வி: எட்டு மாணவருக்கு ஒரு ஆசிரியர் என்பதை வைத்திருக்க வேண்டுமா, பத்துக்கு ஒன்று போதுமா என்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் எப்போதும் வாக்குவாதம். தங்கள் கருத்து?
– உதவிப் பேராசிரியர், மதுரை

எட்டுக்கு ஒன்று என்பது 1983-ல் கவுன்சில் கொண்டுவந்த குறைந்தபட்சத் தர விதிகளில் இருந்த கணக்கு. அந்த விதிகளில் ஒரு வகுப்புக்கு 40 பேர்தான். அதற்கு மேல் சேர்த்தால் இன்னொரு வகுப்பு பிரிக்க வேண்டும். இன்ஜினீயரிங்கில் 60 பேருக்கு ஒருவர் நின்று பாடம் நடத்திவிடலாம். நம் படிப்பு அப்படி இல்லை, ஒவ்வொரு பிள்ளையின் மேசைக்கும் போய்க் குனிந்து பார்க்க வேண்டும். அதனால்தான் அந்த எண்.

மேடம், நீங்கள் கேட்டதற்கு நான் கணக்காகவே பதில் சொல்கிறேன். மூன்று மணி நேர ஸ்டூடியோ, 180 நிமிஷம், 40 பேர். ஐந்து ஆசிரியர் இருந்தால் ஆளுக்கு எட்டுப் பிள்ளைகள், ஒரு பிள்ளைக்கு 22 நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். நான்கு பேர் என்றால் 18 நிமிஷம். வித்தியாசம் நான்கு சொச்சம் நிமிஷம், அது சின்ன விஷயம் இல்லை, ஒரு செமஸ்டர் முழுக்கக் கூட்டினால் பெரிசு. அதனால் எட்டை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

ஆனால் உண்மையில் நடப்பது என்ன? ஒருவர் அட்மிஷன் வேலையாக ஊர் ஊராகப் போயிருப்பார், ஒருவர் நாக் ஃபைல் தயார் செய்துகொண்டிருப்பார், ஒருவர் பிஎச்.டி. லீவில். ஸ்டூடியோவில் நிற்பது இரண்டு பேர். அப்போது ஒரு பிள்ளைக்கு 9 நிமிஷம். பட்டர் பேப்பரை விரித்து, சுருண்டுகொள்ளாமல் நான்கு மூலையிலும் ஸ்கேல், ஃபோன், டிஃபன் பாக்ஸ், ஃபெவிகால் டப்பா என்று எடுத்துவைத்து அமர்த்தவே இரண்டு நிமிஷம் போய்விடும். மிச்சம் ஏழு நிமிஷத்தில் ஒரு ஆஸ்பத்திரி பிளானை என்ன பார்க்க முடியும்? ‘அந்த டாய்லெட்டை மாத்து’ என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போக வேண்டியதுதான்.

எட்டா பத்தா என்ற சண்டையை விதி எழுதுகிறவர்கள் போடட்டும், போட வேண்டியதுதான். உங்கள் ஸ்டாஃப் ரூமில் அதோடு சேர்த்து, மத்தியானம் இரண்டு மணிக்கு ஸ்டூடியோவுக்குள் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்பதையும் ஒரு மாதம் குறித்து வையுங்கள். அந்தக் காகிதத்தை நிர்வாகத்திடம் காட்டும்போது அதற்கு இருக்கிற பலம் வாக்குவாதத்துக்குக் கிடையாது.

கேள்வி: ஏ.ஐ.சி.டி.இ.யா, கவுன்சிலா? ஆர்க்கிடெக்சர் படிப்புக்கு யார் சொல்வது செல்லும்?
– வாசகர், சேலம்

இதற்குச் சுப்ரீம் கோர்ட்டே பதில் சொல்லிவிட்டது. தொழில்நுட்பக் கல்லூரிகளை மேற்பார்க்கிற மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் சட்டத்தில் ‘தொழில்நுட்பக் கல்வி’ என்பதற்குள் ஆர்க்கிடெக்சரும் ஒரு சொல்லாக இருப்பதால் ரொம்ப வருஷம் இரண்டு பக்கமும் இழுபறி, கல்லூரிகள் இரண்டு எஜமானருக்கும் இரண்டு விதமாகக் கணக்குக் காட்டிக்கொண்டிருந்தன. 2019 நவம்பர் 8 அன்று, கோலாப்பூர் கல்லூரி ஒன்று சம்பந்தப்பட்ட வழக்கில், ஆர்க்கிடெக்சர் படிப்பின் தரத்தைப் பொறுத்தவரை 1972 சட்டத்தின்படி கவுன்சில் சொல்வதுதான் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அடுத்த வருஷமே, 2020-ல், கவுன்சில் தன்னுடைய 1983 விதிகளை மாற்றிப் புதிய குறைந்தபட்சத் தர விதிகளைக் கொண்டுவந்தது. முப்பத்தேழு வருஷம். கணினியே இல்லாத ஸ்டூடியோவுக்கு எழுதிய விதியை வைத்து லேப்டாப் இல்லாமல் ஒரு கோடும் போடாத தலைமுறையை வளர்த்திருக்கிறோம்.

கேள்வி: நான் முப்பது வருஷமாக வீட்டு பிளான் போட்டுத் தருகிறேன், படித்தது டிராஃப்ட்ஸ்மேன் கோர்ஸ். இனி பி.ஆர்க் படித்தவர்கள் மட்டும்தான் பிளான் போடலாம் என்று ஒரு தம்பி மிரட்டுகிறார். உண்மையா?
– வாசகர், காரைக்குடி

அண்ணே, இல்லை. 2020 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொன்னது: சட்டத்தின் 37-ஆம் பிரிவு ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டத்தைப் பதிவு செய்யாதவர் போட்டுக்கொள்வதைத்தான் தடுக்கிறது, வடிவமைப்பு வேலையையே தடுக்கவில்லை. நீங்கள் போர்டில் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று எழுதாதீர்கள், அவ்வளவுதான். உங்கள் நகராட்சியில் யார் கையெழுத்து இருந்தால் பிளான் பாஸாகும் என்பது உள்ளூர்க் கட்டட விதி, அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தம்பிக்கும் ஒரு வார்த்தை. சட்டம் உங்களுக்குக் கொடுத்திருப்பது ஒரு பட்டம் மட்டும்தான். அதற்கு ஊரில் மதிப்பு இருக்க வேண்டுமென்றால் முப்பது வருஷ அனுபவமுள்ள ஒரு டிராஃப்ட்ஸ்மேனைவிட நீங்கள் கூடுதலாக எதைக் கற்றீர்கள் என்று வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டும். அதைக் கற்றுத்தருகிற கல்லூரியாக இருந்ததா என்பதுதான் இந்தப் பகுதி முழுக்கப் பேசுகிற விஷயம்.

கேள்வி: மகன் இங்கே பி.ஆர்க் முடித்துவிட்டு அமெரிக்காவில் எம்.ஆர்க் படிக்க விரும்புகிறான். வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா இருப்பதால் இங்கே வாங்கிய டிகிரியே அங்கே செல்லும் என்று ஏஜென்ட் சொல்கிறார். சரியா?
– வாசகர், சென்னை

சார், அந்த ஏஜென்ட்டிடம் அடுத்த ரூபாயைக் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள். வாஷிங்டன் ஒப்பந்தம் என்பது ஒரு நாட்டின் படிப்பை இன்னொரு நாடு ஏற்றுக்கொள்வதற்கான உடன்பாடு, அது இன்ஜினீயரிங் படிப்புகளுக்கானது. இந்தியா அதில் 2014-ல் நிரந்தர உறுப்பினர் ஆனது நிஜம், ஆனால் பி.ஆர்க்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கட்டடக்கலைக்கு என்று தனியாக கான்பெரா ஒப்பந்தம் 2008-ல் வந்தது, பெயர்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அமெரிக்காவில் ஆர்க்கிடெக்சர் படிப்புக்குத் தரம் பார்ப்பது நாப் என்ற அமைப்பு, 1940-லிருந்து இருக்கிறது. அது தொழில்முறைப் படிப்புகளுக்கு மட்டும் அங்கீகாரம் தருகிறது. இங்கேதான் நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள்: ‘எம்.ஆர்க்’ என்ற ஒரே பெயரில் இரண்டு விதப் படிப்பு இருக்கிறது. ஒன்று நாப் அங்கீகாரம் பெற்ற தொழில்முறை எம்.ஆர்க். இன்னொன்று ஏற்கெனவே தொழில்முறைப் பட்டம் வாங்கியவர்கள் ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்தில் மேற்கொண்டு படிப்பது, அதற்கு நாப் அங்கீகாரம் கிடையாது. இரண்டாவது மோசமான படிப்பு என்று அர்த்தமில்லை, ஆராய்ச்சிக்கு அருமையாக இருக்கும். ஆனால் அங்கேயே லைசென்ஸ் வாங்கித் தொழில் செய்ய வேண்டும் என்பது மகனின் எண்ணமாக இருந்தால், சேருகிற படிப்பின் பெயரை நாப் பட்டியலில் தேடிப் பார்த்துவிட்டு விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். லைசென்ஸுக்கு அப்புறமும் 3,740 மணி நேரப் பயிற்சி, ஆறு தேர்வு என்று இருக்கிறது. வெளிநாட்டு டிகிரியை மதிப்பிட்டு ஏற்றுக்கொள்கிற வழி ஒன்றும் உண்டு, ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும்.

இதே தவறு திரும்பும் வழியிலும் நடக்கிறது. ப்ளஸ் டூ முடித்த கையோடு அங்கே நான்கு வருஷ ஆர்க்கிடெக்சர் பட்டத்துக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு, திரும்பி வந்து கவுன்சிலில் பதிவு செய்யப் போனால் அந்தப் பட்டம் நம் சட்டம் ஏற்கிற தகுதியா என்ற கேள்வி வரும். அங்கேயே நான்கு வருஷப் பட்டம் தொழில்முறைப் பட்டம் ஆகாது. அனுப்புவதற்கு முன்னால் கவுன்சிலுக்கு எழுதிக் கேட்டுப் பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். எந்தத் துறையில் இன்ஸ்பெக்‌ஷன் என்றாலும் கட்டட அளவு, நாற்காலி எண்ணிக்கை, புத்தக எண்ணிக்கை என்றுதான் போகிறது. ஆர்க்கிடெக்சர் கல்லூரியின் தர விதிகளைத் திருத்தும் பொறுப்பு தங்களிடம் வந்தால் என்ன செய்வீர்கள்?
– வாசகர், நாகர்கோவில்

ஐயா, நாற்காலியை எண்ணுவதை நான் நிறுத்தச் சொல்ல மாட்டேன். எண்ணாவிட்டால் நாற்காலியும் இருக்காது, அதை நீங்களே பார்த்திருப்பீர்கள். நூலகம், ஸ்டூடியோ அளவு, மாடல் செய்கிற பட்டறை இவையெல்லாம் வேண்டும். அதை எண்ணிய பிறகு குழு அடுத்து எங்கே போய் உட்காருகிறது என்பதைத்தான் நான் மாற்றுவேன்.

முதல் காரியம், கடைசி மதிப்பெண் வாங்கித் தேறிய பிள்ளையின் வேலையைக் கேட்பேன். எல்லாக் கல்லூரியும் முதல் மூன்று பேருடைய தீசிஸைத்தான் ஃபிரேம் போட்டு மாட்டிவைக்கிறது. அந்த மூன்று பேர் எந்தக் கல்லூரியில் போட்டாலும் நன்றாகத்தான் செய்வார்கள். ஒரு கல்லூரியின் தரம் என்பது, ஐம்பது மதிப்பெண் வாங்கித் தட்டுத்தடுமாறி வெளியே வருகிற பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது என்பதுதான், ஏனென்றால் அவனுக்கும் அதே பதிவு எண், அவன் வரைகிற வீட்டிலும் ஒரு குடும்பம் படுத்துத் தூங்கப் போகிறது. அமெரிக்காவில் நாப் குழு வரும்போது உயர்ந்த மதிப்பெண் வேலையும் தேறினால் போதும் என்கிற அளவிலுள்ள வேலையும் இரண்டையும் அறையில் வைக்கச் சொல்கிற பழக்கம் ரொம்ப காலம் இருந்தது. அதை நாம் எடுத்துக்கொள்வதில் ஒரு வெட்கமும் இல்லை.

இரண்டாவது, முடிந்த ஷீட்டைப் பார்க்காமல் வழியைப் பார்ப்பது. இன்றைக்கு ரெண்டர் (கட்டடத்தை நிஜம்போலக் காட்டுகிற கம்ப்யூட்டர் படம்) என்பது பட்டனைத் தட்டினால் வருகிற பொருள் ஆகிவிட்டது. அழகான படத்தை வைத்து மாணவருக்குத் தெரியும் தெரியாது என்று சொல்ல முடியாது. அவன் தள்ளிப்போட்ட பட்டர் பேப்பர், ஆசிரியர் சிவப்புப் பேனாவில் போட்ட அம்புக்குறி, ‘கிழக்கு வெயில் இங்கே வருமே?’ என்று ஓரத்தில் எழுதிய கேள்வி, அதற்கு அடுத்த வாரம் அவன் போட்ட மாற்றம், இவை இருந்தால் கற்பித்தல் நடந்திருக்கிறது. இவற்றை ஒரே ராத்திரியில் தயார் செய்து ஒட்ட முடியாது. ஒரு மாணவரின் ஒரு செமஸ்டர் சுருளை அப்படியே தூக்கி வரச் சொன்னால் பதினைந்து நிமிஷத்தில் எல்லாம் தெரிந்துவிடும்.

மூன்றாவது, குழு ஜூரி நாளில் வர வேண்டும். புதுச் சட்டம் ஒன்றும் தேவையில்லை ஐயா. 1972 சட்டத்தின் 19-ஆம் பிரிவே, ஆய்வாளர்கள் கல்லூரியைப் பார்வையிடலாம், தேர்வு நடக்கும்போது போய் இருக்கலாம், ஆனால் தேர்வு நடப்பதில் தலையிடக் கூடாது என்று சொல்கிறது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ யோசித்து எழுதிவைத்த வாசல் அது. ஓரமாக உட்கார்ந்து, பையனோ பெண்ணோ தன் கட்டடத்தைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ பத்து நிமிஷம் விளக்குவதைக் கேட்டால், அந்த வகுப்பில் யாராவது அவர்களோடு பேசியிருக்கிறார்களா என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, உங்கள் துறைக்காரர் என்பதால் சொல்கிறேன். 2014 ஜூன் மாதம் சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். மண்ணைப் பற்றியும் அஸ்திவாரத்தைப் பற்றியும் ஆர்க்கிடெக்சர் மாணவர்களுக்குச் சொல்லாமல் ‘அதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் பார்த்துக்கொள்வார்’ என்று தள்ளிவிடுகிற பழக்கம் நம் ஸ்டூடியோக்களில் இருக்கிறது. ஒவ்வொரு கல்லூரியும் தன் ஊரைச் சுற்றி ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கிற மண், அங்கே கிடைக்கிற கல், அங்கே வேலை செய்கிற கொத்தனார் இவற்றைப் பாடமாக வைத்திருக்கிறதா என்று விதியிலேயே கேட்க வேண்டும். உங்கள் பக்கத்தில் ஓட்டுக் கூரை போட்ட பழைய வீடுகளை அளந்து வரைந்த பிள்ளைக்கு மழையும் கூரைச் சாய்வும் யாரும் சொல்லாமலே புரியும். அதே பிள்ளை தேனியிலோ ராமநாதபுரத்திலோ படித்தால் வேறு பாடம் படிக்க வேண்டும். நாடு முழுக்க ஒரே சிலபஸ் அச்சு வைத்தால் இது நடக்காது. குறைந்தபட்சம் இவ்வளவு என்று மத்தியில் சொல்லிவிட்டு, மிச்சத்தை உன் ஊரிலிருந்து எடு, எடுத்ததைக் காட்டு என்று விட வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊரில் நாட்டா (பி.ஆர்க் நுழைவுத் தேர்வு) கோச்சிங் கிடையாது. வரைய ஆசை, ஆனால் யாரும் சொல்லித்தரவில்லை. கெமிஸ்ட்ரியில் மார்க் குறைவு. நான் பி.ஆர்க் பற்றி நினைக்கவே கூடாதா?
– ப்ளஸ் டூ மாணவி, ராமநாதபுரம் மாவட்டம்

நினைக்கணும் பாப்பா. கெமிஸ்ட்ரிதான் வேண்டும் என்று முன்னால் இருந்தது, இப்போது பிசிக்ஸும் மேத்ஸும் கட்டாயம், மூன்றாவது பாடத்துக்கு கெமிஸ்ட்ரியோ, கம்ப்யூட்டர் சயின்ஸ், பயாலஜி போன்றவற்றில் ஒன்றோ இருக்கலாம் என்று தகுதி விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள். சதவீதக் கணக்கை இந்த வருஷ நாட்டா கையேட்டில் ஒருமுறை சரிபார்த்துக்கொள், கவுன்சில் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

நாட்டா 2006-லிருந்து நடக்கிறது. இப்போதைய முறையில் 200 மதிப்பெண்ணில் 80 கையால் வரைவதற்கு. நடுவில் சில வருஷம் கையால் வரைவதையே எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் டிக் அடிக்கவைத்தார்கள், திரும்பக் கொண்டுவந்தது நல்ல காரியம்.

கோச்சிங் இல்லையே என்று உட்கார்ந்துவிடாதே. ஒரு நூறு பக்க அன்ரூல்டு நோட்டும் 2பி பென்சிலும் வாங்கு. தினமும் அரை மணி நேரம், ரப்பர் தொடாமல் வரை. முதல் வாரம் உங்கள் வீட்டு அடுப்படி. அடுத்த வாரம் பஸ் ஸ்டாண்டு, நிழல் எங்கே விழுகிறது, அந்த நிழலில் யார் உட்காருகிறார்கள் என்று பார்த்து வரை. அதற்கடுத்து உங்கள் பள்ளிக்கூட மாடிப்படி, எத்தனை படி, ஒரு படி எவ்வளவு உயரம் என்று டேப்பை வைத்து அளந்து பக்கத்தில் எழுது. பரீட்சை முடிந்ததும் அந்த நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதே. எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் முதல் நாள் ஸ்டூடியோவுக்கு அதைக் கையில் கொண்டுபோ. வாங்கிப் பிரித்து ஒரு பக்கமாவது பொறுமையாகப் பார்க்கிற ஆசிரியர் யார் என்று கவனித்து, அவர் மேசைக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொள்.